எஃப் 11 அழுத்தினால் பிரவுசர் சாளரம் கெட்டுப்போகிறது, வலப்பக்கம் ஒரு பட்டை காலி

மாலைப்பள்ளி ரங்கூன்
ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வாரம் முழுக்க பர்மியப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவதே அந்த இரண்டு மணி நேரம்தான். அதனால் எழுத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று பாடங்களை நானே இணையப் பக்கம் மாதிரி எழுதி, பிரவுசரில் திறந்து, எஃப் 11 அழுத்தி முழுத்திரையாக்கிவிடுவேன்.

பிரச்சினை இதுதான். சில நாள் பாடம் நடக்கும்போதே முழுத்திரை கெட்டுவிடுகிறது. வலப்பக்கம் ஒரு நீளமான பட்டை காலியாகிவிடும். கீழே டாஸ்க்பார் மேலேறி வந்து கடைசி வரியை மூடிக்கொள்ளும். எஃப் 11 அழுத்தி வெளியே வந்தால் டேப் வரிசையின் மேல்பாகம் வெட்டுப்பட்டு நிற்கும். திரும்ப அழுத்தினால் சில தடவை சரியாகும், சில தடவை ஆகாது. பிரவுசரை மூடித் திறந்தால்தான் தீரும். அதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்.

லேப்டாப் ஜப்பானில் இருந்து வந்த பழைய சரக்கு. விண்டோஸ் 10, திரை 1366 × 768. இரண்டு பிரவுசரில் பார்த்துவிட்டேன். ஒன்றில் எப்போதும் வருகிறது, இன்னொன்றில் எப்போதாவது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?


பெகு தம்பி
ஞாயிறு, இரவு 8.32

அக்கா, இது கிராபிக்ஸ் வேகமுடுக்கம் (திரையில் வரைகிற வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிற வசதி) செய்கிற வேலை மாதிரி தெரிகிறது. அதை அணைத்துப் பாருங்கள். குரோம் என்றால் செட்டிங்ஸ் போய் சிஸ்டம் என்ற பகுதியில் இருக்கும். பயர்பாக்ஸ் என்றால் ஜெனரல் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில், பரிந்துரைத்த அமைப்பு என்ற டிக்கை எடுத்தால் கீழே ஹார்ட்வேர் அக்செலரேஷன் தெரியும், அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். கடைக்கு வருகிற லேப்டாப்களில் பாதிக்கு இதுதான் மருந்து.


தட்டோன் பெரியவர்
ஞாயிறு, இரவு 9.05

எனக்கும் இதே தொல்லைதான் என்று நினைக்கிறேன். பேரன் வீடியோ போட்டுக் கொடுப்பான். பார்த்து முடித்து எஸ்கேப் அழுத்துவேன். வீடியோ சிறிதாகிவிடும், ஆனால் மேலே டேப் ஒன்றும் இருக்காது, கடிகாரமும் இருக்காது. எஸ்கேப்பை எத்தனை முறை அழுத்தினாலும் வராது.


மண்டலே நிரலர்
ஞாயிறு, இரவு 9.41

ஐயா, உங்களுடையது வேறு. கெட்டுப்போனது ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

முழுத்திரை என்பதில் இரண்டு இருக்கிறது. எஃப் 11 அழுத்தினால் பிரவுசரே முழுத்திரைக்குப் போகும். வீடியோவின் மூலையில் இருக்கிற பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் பிரவுசரிடம் கேட்டு வீடியோவை மட்டும் முழுத்திரையாக்கும். எஸ்கேப் இரண்டாவதைத்தான் கழற்றும், எஃப் 11 போட்டதைக் கழற்றாது. பேரன் முதலில் எஃப் 11 அழுத்திவிட்டு, அதன் மேல் வீடியோவையும் முழுத்திரையாக்கியிருப்பான். நீங்கள் எஸ்கேப் அழுத்தியதும் மேலே இருந்தது போய்விட்டது, அடியில் இருந்தது அப்படியே நிற்கிறது. இனிமேல் எஃப் 11 ஒரு முறை அழுத்துங்கள், டேப் வந்துவிடும். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சத்தமோ வெளிச்சமோ கூடிக் குறையும்.

அக்காவுக்கு நாளைக்கு எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.


தட்டோன் பெரியவர்
ஞாயிறு, இரவு 9.58

வந்துவிட்டது அம்மா. நல்லா இரு.


மாலைப்பள்ளி ரங்கூன்
திங்கள், இரவு 7.20

தம்பி சொன்னபடி வேகமுடுக்கத்தை இரண்டு பிரவுசரிலும் அணைத்தேன். வீட்டில் எஃப் 11 போட்டுப் போட்டு எடுத்தேன், முப்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூடக் கெடவில்லை. ஆனால் அணைப்பதற்கு முன்னாலும் வீட்டில் கெட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வகுப்பில் மட்டும்தான் வருகிறது. அணைத்த பிறகு பக்கத்தை உருட்டினால் திரை திக்கித் திக்கி நகர்கிறது. அதனால் திரும்பப் போட்டுவிட்டேன்.


பெகு தம்பி
திங்கள், இரவு 7.44

அப்படியென்றால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்குகிற மென்பொருள், பழசாக இருக்கும், அக்கா. இல்லையென்றால் விண்டோஸ் 11 ஏற்றிவிடலாம். 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டதே.


மாலைப்பள்ளி ரங்கூன்
திங்கள், இரவு 8.01

11 இதில் ஏறாது தம்பி, ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லை, சிப்பும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது. வேறு லேப்டாப் வாங்க இப்போது வழியில்லை. இதை வைத்துக்கொண்டே சரிசெய்ய வேண்டும்.


மண்டலே நிரலர்
திங்கள், இரவு 10.15

அக்கா, அமைப்பை மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டையை நன்றாகப் பாருங்கள். வெறும் காலி என்று சொன்னால் போதாது. அதற்குள் என்ன தெரிகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நான் பக்கங்கள் எழுதிப் பிழைக்கிறவள். எனக்கு வந்த கேஸ்களை வைத்துச் சொல்கிறேன்.

பட்டையில் உங்கள் பக்கத்தின் பின்னணி நிறமே தெரிந்தால், சாளரம் சரியாகத்தான் இருக்கிறது, பக்கம்தான் தன் அகலத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருக்கிறது. நிறைய பேர் பக்கம் திறக்கும்போது ஒரே ஒரு முறை அகலத்தை அளந்து வைத்துக்கொள்கிற மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள். முழுத்திரைக்குப் போய் வரும்போது அளவு மாறும், அந்த நிரல் மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் பிழை நாம் எழுதியதில், திருத்துவது சுலபம்.

கன்னங்கரேல் என்று இருந்தால், பக்கத்தின் பொத்தானால் முழுத்திரையானதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாகத்தை மட்டும் முழுத்திரையாக்கும்போது அதன் பின்னால் கறுப்புத் துணி விரிப்பதுதான் முறை. அந்தப் பாகம் திரையளவுக்கு விரியாவிட்டால் ஓரத்தில் அந்தக் கறுப்பு தெரியும். நீங்கள் எஃப் 11 அழுத்துவதால் இது உங்களுக்குப் பொருந்தாது என்றுதான் படுகிறது.

முன்னால் திறந்திருந்த எதனுடைய படமோ உறைந்த மாதிரி நின்றால், அல்லது வெள்ளையாக மின்னினால், அது வரைவதில் வந்த கோளாறு. தம்பி சொன்ன வேகமுடுக்கம், டிரைவர் எல்லாம் அங்கேதான் உதவும்.

டெஸ்க்டாப் தெரிந்தால், ஐகானைச் சுட்டியால் தொடவும் முடிந்தால், சாளரமே சிறிதாக இருக்கிறது. அப்போது வரைவதில் குற்றமே இல்லை. பிரவுசர் தன் அளவை ஏன் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தேட வேண்டும்.

இன்னொன்று. பாடப்பக்கம் நீங்களே எழுதுவதால் இது உங்களால் முடியும். பக்கத்தின் ஒரு மூலையில் சாளரத்தின் உள் அகலம், திரையின் அகலம் என்று இரண்டு எண்ணைக் காட்டும்படி செய்யுங்கள், அரை நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டுக்கும் நேரடிச் சொல் உண்டு, முடியாவிட்டால் சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன். ஜூம் 100 சதவீதத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எண் மாறிவிடும். கெட்டுப்போகிற சமயம் அதைப் படம் எடுத்துவிடுங்கள்.


மாலைப்பள்ளி ரங்கூன்
செவ்வாய், காலை 6.50

எண் போட்டுவிட்டேன், வேலை செய்கிறது. நாளைக்குப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வகுப்பு இருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.


மாலைப்பள்ளி ரங்கூன்
புதன், இரவு 8.47

மாட்டிக்கொண்டது! படம் இணைத்திருக்கிறேன். பட்டையில் தெரிவது டெஸ்க்டாப்தான். போன திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் பிள்ளைகளோடு எடுத்த படத்தைப் பின்னணியாக வைத்திருக்கிறேன், அதன் வலது ஓரம் தெரிகிறது. ஒரு ஐகானும் தெரிகிறது, தொட்டேன், திறந்தது. மூலையில் இருக்கிற எண்களைப் பாருங்கள். சாளரம் 1024, திரை 1366.


மோல்மேன் அச்சகம்
புதன், இரவு 9.30

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த 1024 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அச்சுத் தொழிலில் அளவுதான் எங்களுக்குக் கண். உங்கள் படத்தை எடுத்து அளந்தேன். பட்டை திரையகலத்தில் சரியாகக் கால் பங்கு. 1366இல் 1024 போனால் 342. அது 1366க்குக் கால்வாசி. உயரம் குறையவே இல்லை, 768 அப்படியே இருக்கிறது. அகலம் மட்டும் 1024, உயரம் 768. தங்கச்சி, 1024 × 768 என்பது பிரவுசர் தானாகப் பிடித்த எண் இல்லை. அது ஒரு திரையின் அளவு. வகுப்பில் புரொஜெக்டர் மாட்டுகிறீர்களா?


மாலைப்பள்ளி ரங்கூன்
புதன், இரவு 9.36

ஆமாம் அண்ணா! சுவரில் காட்டுவதே புரொஜெக்டரில்தான். அதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. எச்டிஎம்ஐ வயரில் மாட்டுவேன், இரண்டிலும் ஒரே படம் வருகிற மாதிரி வைப்பேன். அது 1024 × 768தான், பெட்டியில் போட்டிருக்கிறது.


மோல்மேன் அச்சகம்
புதன், இரவு 9.40

கெட்டுப்போகும்போது கரண்டு போயிருந்ததா?


மாலைப்பள்ளி ரங்கூன்
புதன், இரவு 9.52

போயிருந்தது. இன்றைக்கும் போனது. யோசித்துப் பார்த்தால், கெட்டுப்போன ஒவ்வொரு நாளும் போயிருக்கிறது.

எங்கள் பக்கம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்து இன்வெர்ட்டர் இரண்டு டியூப்லைட்டையும் மின்விசிறியையும்தான் தாங்கும். புரொஜெக்டர் விளக்கு அதில் நிற்காது. அது அணைந்ததும் லேப்டாப் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும். பிறகு பிள்ளைகளை லேப்டாப்பைச் சுற்றி உட்காரவைத்து அதிலேயே பாடத்தைத் தொடருவேன். கரண்டு போவது அத்தனை வழக்கமாகிப் போனதால், இரண்டையும் சேர்த்து நினைக்கவே இல்லை. சுவரில் இருக்கும்போது பாடம் நன்றாக இருக்கும், லேப்டாப்புக்கு வந்ததும் கெடும். பிள்ளைகள் முதுகை வளைத்து எட்டிப் பார்க்கும்போதுதான் கடைசி வரி டாஸ்க்பாருக்குள் போயிருக்கும். "சயாமா (டீச்சர்), கீழே இருக்கிறது தெரியவில்லை" என்பார்கள்.


மண்டலே நிரலர்
வியாழன், இரவு 7.05

அண்ணா, அந்த 342 என்ற கணக்கு என் மனதில் நின்றுவிட்டது. எண்ணைப் போடச் சொன்ன எனக்கே புரொஜெக்டர் தோன்றவில்லை.

இப்போது காரணத்தைச் சொல்ல முடியும். ஒரே படம் இரண்டு திரையிலும் வர வேண்டும் என்றால், இரண்டுக்கும் ஒத்துவருகிற ஓர் அளவை விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். புரொஜெக்டர் 1024 × 768 என்பதால் லேப்டாப்பும் அதற்கு இறங்கிவிடும். அந்த நிலையில் எஃப் 11 அழுத்துகிறீர்கள். பிரவுசர் முழுத்திரை என்று 1024 × 768ஐப் பிடித்துக்கொள்கிறது. கரண்டு போனதும் புரொஜெக்டர் மறைகிறது, லேப்டாப் தன் சொந்த அளவான 1366க்கு ஏறுகிறது. பிரவுசர் 1024லேயே நிற்கிறது.

ஏன் அதுவும் ஏறவில்லை என்று கேட்கலாம். பெரிதாக்கி வைத்த சாளரம், அதாவது மேலே வலது ஓரத்துச் சதுரப் பொத்தானை அழுத்திப் பெரிதாக்கியது, திரையளவு மாறினால் விண்டோஸே அதை இழுத்துச் சரிசெய்துவிடும். ஆனால் விண்டோஸ் சாளரங்களுக்கு முழுத்திரை என்று தனியாக ஒரு நிலை கிடையாது. பிரவுசர் என்ன செய்கிறது என்றால், தன் சட்டத்தையும் தலைப்புப் பட்டையையும் கழற்றிப்போட்டுவிட்டு, திரை எவ்வளவோ அவ்வளவு அளவுக்குத் தன்னை விரித்துக்கொள்கிறது. விண்டோஸின் கண்ணுக்கு அது சட்டம் இல்லாத சாதாரணச் சாளரம், அவ்வளவுதான். திரையளவு மாறும்போது எல்லாச் சாளரங்களுக்கும் ஒரு செய்தி அனுப்பும். அதைக் கேட்டுத் தன்னைத் திரும்ப விரித்துக்கொள்வது பிரவுசரின் பொறுப்பு. திரை கறுத்துத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் செய்தி ஒன்றுக்கு மேல் வரலாம், இடைப்பட்ட அளவைப் பிரவுசர் படித்துவிடலாம். ஒரு பிரவுசரில் எப்போதும், இன்னொன்றில் எப்போதாவது என்று நீங்கள் சொன்னதற்கு இது பொருந்துகிறது.

டாஸ்க்பார் மேலே வந்ததற்கும் இதுதான் காரணம். திரை முழுவதையும் ஒரு சாளரம் மூடியிருந்தால் டாஸ்க்பார் ஒதுங்கிக்கொள்ளும். கால்வாசி திறந்து கிடப்பதால், இது முழுத்திரை இல்லை என்று திரும்ப மேலே வந்துவிட்டது. வழக்கமான டாஸ்க்பார் 40 பிக்சல் உயரம். உங்கள் கடைசி வரி போனது அதற்குள்தான்.

தங்கள் வீட்டில் ஏன் வராது என்று மற்றவர்கள் நினைக்கலாம். எல்லாப் புரொஜெக்டரும் அணைந்ததும் மறைந்துவிடுவதில்லை. சிலது மின்சாரம் இல்லாவிட்டாலும் வயரில் இருக்கிற மாதிரியே காட்டும். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு வரவே வராது.


பெகு தம்பி
வியாழன், இரவு 9.20

அக்கா, வேகமுடுக்கம் என்று நான் அவசரப்பட்டுச் சொன்னது தப்பு. வகுப்பில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியபோதே அங்கே வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்காகக் கடையில் உட்கார்ந்து சோதித்தேன். கரண்டு போகக் காத்திருக்கத் தேவையில்லை. 1366 திரை உள்ள லேப்டாப்பில் ஒரு பழைய 1024 × 768 மானிட்டரை மாட்டினேன். விண்டோஸ் விசையோடு பி அழுத்தினால் நான்கு வழி காட்டும். இரண்டிலும் ஒரே படம் காட்டுகிற டூப்ளிகேட் வைத்து, பிரவுசரில் எஃப் 11 போட்டு, திரும்ப விண்டோஸ் பி அழுத்தி, பிசி ஸ்கிரீன் ஒன்லி என்பதை எடுத்தேன். பத்துத் தடவை செய்ததில் ஏழு தடவை உங்கள் படத்தில் இருக்கிற அதே பட்டை. வேகமுடுக்கத்தை அணைத்துவிட்டும் பத்துத் தடவை செய்தேன். அப்போதும் வந்தது. ஆகவே அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எஃப் 11 போடாமல் சாளரத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்துச் செய்தபோது ஒரு தடவைகூடக் கெடவில்லை. நிரலர் அக்கா சொன்னது அப்படியே சரி.

இரண்டு திரையையும் சேர்த்து ஒரே நீள டெஸ்க்டாப்பாக்குகிற எக்ஸ்டெண்ட் வழியிலும் பார்த்தேன். சாளரத்தை இரண்டாவது மானிட்டரில் வைத்து எஃப் 11 போட்டு, வயரை உருவினேன். சாளரம் லேப்டாப்புக்கு ஓடி வந்தது, ஆனால் எஃப் 11 அழுத்தி வெளியே வந்ததும் பழைய மானிட்டரின் அளவோடு ஓரமாகப் போய் நின்றது. எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருந்த இடமே இல்லாமல் போய்விட்டதே. ஆகவே அதுவும் தீர்வு இல்லை.


மாலைப்பள்ளி ரங்கூன்
வியாழன், இரவு 9.47

தம்பி, இவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறாயே, நன்றி. எஃப் 11 இல்லாமல் பெரிதாக்கி மட்டும் வைத்தால் தீரும்தான். ஆனால் 768 உயரத்தில் டாஸ்க்பார், டேப், முகவரிப் பட்டை எல்லாம் போனால் எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். உயிரெழுத்து வரிசை ஒரே பார்வையில் சுவரில் நிற்க வேண்டும். பாதிதான் தெரிந்தால் பிள்ளைகள் அந்தப் பாதியைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். வேறு வழி ஏதாவது உண்டா?


மோல்மேன் அச்சகம்
வெள்ளி, மதியம் 1.15

உண்டு, தங்கச்சி. திரையளவு மாறுவதுதான் வினை என்றால், மாறாமல் செய்துவிடலாம்.

எந்தெந்தத் திரை மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அளவை விண்டோஸ் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. புரொஜெக்டர் இருந்தால் ஒன்று, தனி லேப்டாப் என்றால் ஒன்று. புரொஜெக்டரைக் கழற்றிவிட்டு, டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், தனி லேப்டாப்புக்கும் 1024 × 768 என்று வைத்துவிடுங்கள். இனி புரொஜெக்டர் இருந்தாலும் போனாலும் அளவு ஒன்றே. பிரவுசர் எதையும் கவனிக்க வேண்டியதில்லை.

ஆனால் இதோடு விட்டால் எழுத்து அகலமாக இழுபடும், 1024ஐ 1366க்கு நீட்டுவதால். அச்சுக்காரனுக்கு அது பொறுக்காது. எழுத்து கற்கிற பிள்ளைக்கு ணகரத்தின் சுழி நசுங்கிக் காட்டக் கூடாது. உங்கள் லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸ் இருப்பதால் அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, ஸ்கேலிங் என்ற இடத்தில் விகிதத்தைக் காப்பாற்றுகிற வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது படம் நடுவில் நிற்கும், இரண்டு ஓரத்திலும் 171 பிக்சல் கறுப்பாக இருக்கும். எழுத்து தன் உருவத்தில் நிற்கும். வகுப்பு முடிந்ததும் 1366க்கு மாற்றிக்கொள்ளலாம்.

டேப் வரிசையின் தலை வெட்டுப்படுவது பற்றி. அது தனிச் சங்கதி, ஆனால் இதன் வால்தான். விண்டோஸில் பெரிதாக்கிய சாளரம் உண்மையில் திரையைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் ஓரச் சட்டம் நாலு பக்கமும் திரைக்கு வெளியே தொங்கும், சாதாரண அளவில் பக்கத்துக்கு 8 பிக்சல். இப்போதைய பிரவுசர்கள் டேப்பைத் தலைப்புப் பட்டையிலேயே வரைகின்றன. ஆகவே மேலே தொங்குகிற 8 பிக்சலை விட்டுவிட்டு உள்ளே தள்ளி வரைய வேண்டும். முழுத்திரையில் இருந்து குழப்பத்தோடு திரும்பும்போது, தான் பெரிதாக்கிய நிலையில் இருக்கிறோம் என்பது பிரவுசருக்குத் தெரியாமல் போனால் அந்த 8 பிக்சலை விட மறந்துவிடும். நீங்கள் முதலில் எழுதிய வெட்டுப்பட்ட டேப் அதுவாகத்தான் இருக்கும். விண்டோஸ் விசையோடு கீழ் அம்பு, பிறகு விண்டோஸ் விசையோடு மேல் அம்பு. சாளரம் சிறிதாகித் திரும்பப் பெரிதாகும், கணக்கும் நேராகும். பிரவுசரை மூட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கரண்டு வந்த உடனே புரொஜெக்டரைப் போடாதீர்கள். விசிறி ஓடாமலே அணைந்த விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் ஆறட்டும், விளக்கு நாள்படும்.


தட்டோன் பெரியவர்
வெள்ளி, மாலை 5.30

எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் வரி விடாமல் படித்தேன். ணகரத்தின் சுழி நசுங்கக் கூடாது என்று எழுதினாரே, அந்த வார்த்தைக்காகவே. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் மணலில் கையைப் பிடித்து எழுதவைத்தார். சுழி தப்பினால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வார்.


மண்டலே நிரலர்
வெள்ளி, இரவு 8.40

லினக்ஸ் பக்கம் எப்படி என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது, அதையும் சோதித்துவிட்டேன். அங்கே முழுத்திரை என்பது சாளர மேலாளருக்கே (சாளரங்களின் இடத்தையும் அளவையும் பார்த்துக்கொள்கிற நிரல்) தெரிந்த ஒரு நிலை. நான் முழுத்திரை ஆக வேண்டும் என்று பிரவுசர் கேட்கும், அளவு கொடுப்பது சாளர மேலாளர். அதனால் திரையளவு மாறினால் அதுவே சாளரத்தை இழுத்துச் சரிசெய்துவிட வேண்டும். யூஎஸ்பியில் இருந்து ஓட்டிப் பார்த்தேன், பட்டை வரவில்லை. மேக்கிலும் 2011இல் வந்த லயன் பதிப்பில் இருந்து இயங்குதளமே முழுத்திரையைப் பார்த்துக்கொள்கிறது.

லினக்ஸில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எஃப் 11இல் இருந்து திரும்பும்போது சாளரம் தலைப்புப் பட்டை அளவுக்குக் கீழே இறங்கி நிற்பதை என் பழைய கணினியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவின் கோளாறு அங்கே இல்லை.

அக்கா, இதைப் பிழை அறிக்கையாக எழுதிப் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பயர்பாக்ஸ் என்றால் பக்ஸில்லா என்ற அதன் பிழைப் பட்டியலில், குரோம் என்றால் குரோமியம் திட்டத்தின் பிழைப் பட்டியலில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், காசு கிடையாது. பெரும்பாலும் மின்சாரம் அணையாத ஊரில் உட்கார்ந்து பிரவுசரை எழுதுகிறவர்கள், பாடத்தின் நடுவில் புரொஜெக்டர் செத்துப்போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நாம் சொன்னால்தான் தெரியும். நம்மிடம் எண் இருக்கிறது, தம்பியின் சோதனை இருக்கிறது. சும்மா "முழுத்திரை வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.


பெகு தம்பி
வெள்ளி, இரவு 9.02

நான் எழுதித் தருகிறேன் அக்கா, ஆங்கிலத்துக்கு நீங்கள் மாற்றிவிடுங்கள். இதுதான் நான் வைத்திருக்கிற வாசகம்:

"1366 × 768 திரை உள்ள லேப்டாப்பில் 1024 × 768 மானிட்டரை மாட்டவும். விண்டோஸ் பி, டூப்ளிகேட். பிரவுசரைத் திறந்து எஃப் 11. திரும்ப விண்டோஸ் பி, பிசி ஸ்கிரீன் ஒன்லி. எதிர்பார்த்தது: முழுத்திரைச் சாளரம் 1366க்கு விரிய வேண்டும். நடந்தது: சாளரம் 1024லேயே நிற்கிறது, வலப்பக்கம் 342 பிக்சலில் டெஸ்க்டாப் தெரிகிறது, டாஸ்க்பார் மேலே வருகிறது. பத்தில் ஏழு முறை. வேகமுடுக்கத்தை அணைத்தாலும் வருகிறது. எஃப் 11 இல்லாமல் பெரிதாக்கி மட்டும் வைத்தால் வருவதில்லை."


மண்டலே நிரலர்
வெள்ளி, இரவு 9.25

அருமையாக இருக்கிறது தம்பி, ஒரு சொல்கூட மாற்ற மாட்டேன். பதிப்பு எண்ணை மட்டும் சேர். பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட் சப்போர்ட் (about:support) என்று அடித்தால் எல்லா விவரமும் வரும். குரோமில் குரோம் ஜிபியூ (chrome://gpu) பக்கம். அப்படியே ஒட்டுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார், உன் பெயரோ கோப்புறைப் பெயரோ இருந்தால் எடுத்துவிடு.


மாலைப்பள்ளி ரங்கூன்
ஞாயிறு, இரவு 7.55

வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன்.

மோல்மேன் அண்ணா சொன்னபடி காலையிலேயே 1024 வைத்து, ஸ்கேலிங்கும் மாற்றிவிட்டேன். அந்த ஸ்கேலிங் இருக்கிற இடத்தைத் தேடத்தான் நேரம் ஆனது, 1024க்கு மாற்றிய பிறகுதான் அந்த வழியே பட்டியலில் தெரிகிறது. வேறு யாராவது தேடினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்கி அரை மணி நேரத்தில் கரண்டு போனது. புரொஜெக்டர் அணைந்தது. லேப்டாப் ஒரு நொடி கறுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பாடம் அப்படியே இருந்தது, ஓரத்து எண்கள் இரண்டும் 1024. கடைசி வரி இருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், விட்ட இடத்தில் இருந்து ஒருத்தி வாசித்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. விளக்கு ஆற விட்டுப் புரொஜெக்டரைப் போட்டேன். சுவரிலும் சரியாக வந்தது. எஃப் 11 அழுத்தி வெளியே வந்தபோது டேப் வரிசை முழுதாக இருந்தது. விண்டோஸ் விசை, அம்பு எதுவும் தேவைப்படவில்லை.

பழைய விஜிஏ வயர் உள்ள இன்னொரு புரொஜெக்டரைக் கோயிலில் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதையும் மாட்டிப் பார்த்து என்ன எண் வருகிறது என்று இங்கேயே போடுகிறேன். தம்பி, அறிக்கையில் பதிப்பு எண் கேட்டிருந்தாய், இரண்டு பிரவுசருடையதையும் உனக்குத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.